மெஷினுக்குள் கருவாடு

எங்கள் வீட்டுக் குசினியில், சாப்பாட்டுக் கோப்பை கழுவும் ஜேர்மன் மெஷின் ஒன்று நிற்கிறது. அதன் கதவைத் திறந்தால் மேல்தட்டில் சின்ன வெங்காயம், கீழ்த்தட்டில் கட்டாக் கருவாடு, கரண்டி போடும் கூடைக்குள் செத்தல் மிளகாய். "உதுக்குள்ள எலி போகாது. நல்ல சாமான்" என்று என் மூத்தவர் பிலோமினா அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறார். ஜேர்மனியிலிருந்து கப்பலில் போட்டு, துறைமுகத்தில் நாயாய் அலைந்து, மன்னார்ப் பக்கம் வங்காலை வரைக்கும் நான் கொண்டுவந்து சேர்த்த மெஷின் அது. வருடத்தில் பாதியை அங்கேயும் பாதியை ஊரிலும் கழிக்கிற என்னைப் போன்றவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய மெஷின்களுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள், பிறகு சிரிக்கலாம்.

அது செத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். அதற்குள் 'ஸ்பெட்சியால்ஸால்ட்ஸ்' என்று தனியாக விற்கிற உப்பைக் கொட்ட வேண்டும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு மெஷினுக்குள் படியாமல் காப்பது அந்த உப்புத்தான். போன முறை ஜேர்மனிக்குத் திரும்பும்போது ஒரு பெரிய பை உப்பை அக்காவிடம் கொடுத்து, சிவப்பு விளக்கு எரிந்தால் கொட்டும்படி சொல்லிவிட்டுப் போனேன். விளக்கு எரிந்திருக்கிறது. அக்கா கொட்டவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் நான் வந்து இறங்கியபோது மெஷினின் குழாயெல்லாம் சுண்ணாம்பு அடைத்து, அது நிரந்தரமாகக் கண்ணை மூடியிருந்தது.

"ஏனக்கா போடேல்லை?" என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணியே வாயில வைக்கேலாத உப்பு. அதுக்கு மேலயும் உப்பைப் போட்டால் மெஷின் தாங்குமோ? கொஞ்சமெண்டாலும் யோசிக்க வேணுமெல்லோ தம்பி."

"அப்ப அந்தப் பை எங்க?"

"கட்டா மீனுக்குப் போட்டனான். நல்லாப் பிடிச்சது."

கொல்லன் தெருவில் ஊசி விற்றவன் நான். மன்னார்க் கரைக்கு உப்புக் கொண்டுவந்தால் வேறு என்ன நடக்கும்? உப்பு வேறு, சுண்ணாம்பு வேறு என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சுண்ணாம்புக்குத்தானே மருந்து போட வேணும்? ஏன் உப்பு?" என்றார். அந்த உப்பு கடைசியில் கருவாட்டோடு சேர்ந்து மெஷினுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை நினைத்து என்னை நானே ஆற்றிக்கொண்டேன்.

மெஷின் இல்லாவிட்டால் கையால் கழுவ வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்கிறது. வெளிநாடு போனவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு: "அங்க போய்க் கோப்பை கழுவினவர்தானே." அது என்னைப் பொறுத்தவரை முழு உண்மை. போன புதிதில் ஒரு சின்ன நகரத்து ரெஸ்ரோரண்டின் குசினியில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். அங்கே ஒரு பெரிய மெஷின் இருந்தது. கோப்பைகளை அடுக்கி உள்ளே தள்ளுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் அந்த மெஷின் பழுதானது. முதலாளியை அங்கே 'ஷெஃப்' என்பார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் தோளில் தட்டி, "நேக்ஸ்ட வோஹெ" என்றார். அடுத்த கிழமை என்று அர்த்தம். அதுவரை நீ கையால் கழுவு என்றார்.

அடுத்த கிழமை வந்தது, மெஷின் வரவில்லை. ஷெஃப் தினமும் கோப்பி குடித்தபடி மெஷின் விளம்பரப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். இது சத்தம், இது அகலம், இது மின்சாரம் கூடக் குடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. உண்மையாகவே அக்கறையாகத்தான் தேடினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஒருநாள், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில், கை எரிகிறது என்று சொன்னேன். அவர் தண்ணீர் சூடு கூடிவிட்டது என்று விளங்கிக்கொண்டு சுடுதண்ணீரைக் குறைத்துவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க நான்தான் மெஷின். கை வெடித்து இரத்தம் வந்தது. நான் அந்த வேலையை விட்ட பிறகே புது மெஷின் வந்ததாக அங்கே சமையல் செய்தவர் பிறகொரு நாள் சொன்னார். இனி என் வாழ்க்கையில் ஒரு கோப்பையும் கையால் கழுவமாட்டேன் என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். கல்யாணம் முடித்து வீடு எடுத்தபோது, மனுசி முன்னறையில் இருக்கச் செற்றி வேண்டும் என்றாள். நான் கோப்பை கழுவும் மெஷினைத்தான் முதலில் வாங்கினேன்.

ஆகவே புது மெஷின் தேடி மன்னார் ரவுனுக்குப் போனேன். கடை வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால், கடைக்காரர் மரியாதையாகக் கதிரை தந்து இருத்தினார்.

"கழுவுற மெஷின் வேணும்" என்றேன்.

"டொப் லோடோ, ஃப்ரொண்ட் லோடோ அண்ணை?"

"உடுப்புக்கு இல்லை. கோப்பைக்கு."

"வீட்டில எத்தினை பேர் அண்ணை?"

"இப்ப நானும் அக்காவும். கிறிஸ்துமஸுக்குச் சனம் வரும்."

"ரெண்டு பேருக்கு மெஷினோ? ஒரு ஆளை வைச்சால் வந்து கழுவிப்போட்டுப் போவினமே. கரண்டும் மிச்சம்."

அந்த 'ஒரு ஆள்' நான்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தரலாம் என்றார். கைபேசியில் இரண்டு மெஷின்களின் படத்தை அனுப்பினார். ஒன்று மேசையில் வைக்கிற சின்னது, மற்றது பெரியது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சின்னதில் சோற்றுச் சட்டி போகாது. பெரியதற்குத் தண்ணீர் அழுத்தம் காணாது, தண்ணீர்த் தாங்கியை உயர்த்த வேண்டும். தாங்கியை உயர்த்த வந்த மேசன், தூணையே மாற்ற வேண்டும் என்றார். இரண்டிலுமே தட்டையான வெள்ளைக்காரக் கோப்பைக்குத்தான் பல் வைத்திருக்கிறார்கள், எங்கள் குழிக் கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்துவிடும். இடியப்பத் தட்டை எங்கே செருகுவது என்பதை எந்த நிறுவனமும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஜேர்மனியில் பேரப்பிள்ளையோடு இருக்கும் மனுசி தொலைபேசியில், "சத்தம் எவ்வளவெண்டு பாத்தனீங்களே?" என்றாள். பக்கத்துக் கோயில் லவுட்ஸ்பீக்கருக்கும் வாசலில் குரைக்கிற நாய்களுக்கும் நடுவில் மெஷினின் சத்தத்தை யார் கேட்கப்போகிறார்கள்? கோபம் வந்தது. ஆனாலும் பார்த்தேன். ஒவ்வொரு பின்னேரமும் விறாந்தையில் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியைக் குடித்தபடி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அக்கா அந்த நேரத்தில் பின்வளவுக் குழாயடியில் குந்தியிருந்து கோப்பை கழுவுவார். விறாந்தையிலிருந்தே சத்தம் கேட்கும். இடப்பெயர்வுகள் எல்லாவற்றிலும் அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு திரிந்தவர் அவர். கடைசிவரை பார்த்து, அடக்கமும் செய்தவர். அவருக்கு இனியாவது இந்த வேலை இருக்கக்கூடாது என்றுதான் மெஷினையே கொண்டுவந்தேன். சனம் பார்த்தால் என்ன சொல்லும் என்பதாலும், எடுத்த சபதத்தாலும் குழாயடிப் பக்கம் நான் போகவில்லை. அதுதான் உண்மை.

நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க அக்கா விறாந்தைக்கு வந்தார். நீட்டிய கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்திருந்தன. சவுக்காரத்தூளும் கிணற்றின் உப்புச் சவர்த்தண்ணியும் அரித்த வெடிப்பு. அந்த வெடிப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

"கை எரியேல்லையே அக்கா?"

"எரியுந்தான். அதுக்கென்ன செய்யிறது? மெஷின் எப்பவாம் வருது?"

"அடுத்த கிழமை அக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. தோளில் தட்டாததுதான் குறை. மடியில் மெஷின் படம், கையில் தேத்தண்ணி. அத்தனை வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஷெஃப், வங்காலையில் என் கதிரையில் வசதியாக உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. அவர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் என்மேல் வந்தது.

எழுந்து அக்காவின் பின்னால் குழாயடிக்குப் போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடைய சின்னப் பலகையில் குந்தினேன்.

"உனக்கென்ன விசரே? எழும்படா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச தொழில்தானே. நீங்கள் தள்ளி இருங்கோ."

ஒரு பேசினில் சவுக்காரத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர் என்று அங்கே செய்ததுபோல வைத்தேன். நான் கழுவி வைத்த ஒவ்வொரு கோப்பையையும் அக்கா எடுத்து, குழாயில் பிடித்து இன்னொருமுறை அலம்பினார். "இதையோ அவ்வளவு காலம் செய்தனீ? நுரை போகேல்லை" என்றார். அப்போதுதான் கடைக்காரரின் அழைப்பு வந்தது. என் கை நனைந்திருந்தபடியால், அக்கா கைபேசியை என் காதில் பிடித்தார்.

"பெரிசையே எடுப்பியுங்கோ. குறை நிறை இனிப் பாக்கமாட்டன்" என்றேன்.

"சரி அண்ணை. அடுத்த கிழமை வந்திடும்" என்றார் அவர்.

நான் அடுத்த கோப்பையை எடுத்தேன். அக்கா கழுவியவற்றைக் குசினிக்குள் கொண்டுபோய், மெஷினுக்குள்ளிருந்த வெங்காயத்தை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு அதற்குள் அடுக்கத் தொடங்கினார். என் கால்கள் வங்காலை மண்ணின் ஈரத்தில் புதைந்திருந்தன. கைகள் மட்டும், யாரும் சொல்லாமலே, அந்தப் பனிக்காலத்துக் குசினியின் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.