சேறு படாத தோள்

போன வருட மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் நகருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னக் காட்டில் இது நடந்தது. மலைச் சைக்கிள் ஓட்ட நாலு பேர் போயிருந்தோம். நான், என் அக்கா, என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர், எங்களுக்கெல்லாம் இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்த ஓர் அங்கிள். அங்கிள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிறார்.

எனக்கு வேலை போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கொள்கலன் தூக்கும் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில். எதையும் ஒன்று ஒன்றாகச் சரிபார்த்தால்தான் மனசு அடங்கும். காட்டுக்குப் போனாலும் முதுகில் ஒரு சிவப்புப் பை இருக்கும். கட்டுத்துணி, பஞ்சு, கத்தரிக்கோல், கை உடைந்தால் தொங்கவிட முக்கோணத் துணி, உடம்புச் சூடு போகாமல் போர்த்துகிற வெள்ளித்தாள் போர்வை என்று எல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்தாலே நண்பருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்ஜினியரம்மா, எக்ஸ்ரே மெஷின வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்பார்.

அன்று செங்குத்தான இறக்கம், வழுக்குப் பாறை, ஓடை எல்லாவற்றையும் அக்கா அழகாகத் தாண்டிவிட்டாள். விழுந்தது கடைசியில், காடு முடிந்து கார் நிறுத்தியிருந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற சமதரையில். நடக்கிற வேகம்தான் இருக்கும். ஈரமான ஒரு வேரில் முன்சக்கரம் மாட்டித் திரும்பியது. ஹேண்டில்பாரின் முனை இடது விலாவுக்குக் கீழே இடித்தது. அப்படியே வலது பக்கமாகச் சேற்றில் சாய்ந்தாள். எழுந்ததும் முதலில் சிரித்தது அவள்தான். நான் பையைத் திறந்தேன். கட்டுப் போட ஒரு சிராய்ப்புகூட இல்லை. மூடிவிட்டேன்.

சைக்கிள் ஓட்டி முடித்தால் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். அது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். அன்றும் போய் உட்கார்ந்தோம். ரொட்டி வந்தது. அக்கா தொடவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "என்னமோ உப்புசமா இருக்குடி" என்றாள்.

நம் ஊரில் வயிற்றில் என்ன வந்தாலும் முதலில் ஒரே பெயர்தான். "காத்தும்மா. வெறும் வயித்துல ஓட்டுனா ஆங்கின் புடிக்கத்தான் செய்யும்" என்று அங்கிள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் தைலப் புட்டியை எடுத்தார். "இதத் தடவி நல்லா நீவி விட்டா ரெண்டு ஏப்பத்துல சரியாயிரும்." நண்பர் சூடாக ஒரு மைலோவுக்குச் சொன்னார். இரண்டு பேரும் அன்பாகத்தான் செய்தார்கள். என் வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அப்போது அக்கா இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "இங்கயும் வலிக்குது. விழுந்தப்ப அடிபட்டிருக்கும்" என்றாள். அங்கிள், "அப்ப தோளுக்கும் சேத்துத் தடவிருவோம்" என்று மூடியைத் திறந்தார்.

நான் அவள் சட்டையைப் பார்த்தேன். எங்கள் வேலையிடத்தில் யாராவது அடிபட்டால் 'நல்லாயிருக்கியா' என்று கேட்க மாட்டோம். எது இடித்தது, எங்கே, எந்தப் பக்கம் விழுந்தார் என்று கேட்போம். அந்தப் பழக்கத்தில்தான் பார்த்தேன். வலது கை, வலது தோள், வலது இடுப்பு முழுக்கச் சேறு. இடது தோளில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்தத் தோள் தரையைத் தொடவே இல்லை.

முதலுதவி வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. இடது விலாவில் அடி வாங்கினவர், அடிபடாத இடது தோள் வலிக்கிறது என்று சொன்னால், வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அங்கே மண்ணீரல் இருக்கிறது. உள்ளே சேரும் ரத்தம் உறுத்துகிற வலி தோளில் வந்து தெரியும்.

அங்கிளின் கையைப் பிடித்துவிட்டேன். "வயித்த அமுக்க வேணாம் அங்கிள். மைலோவும் வேணாம். ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்."

உடனே எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். நண்பர், "ஆரம்பிச்சாச்சுலா, ரிஸ்க் அசெஸ்மெண்ட்" என்று சிரித்தார். அங்கிளின் முகம் சுருங்கிப் போனது. அக்காவுக்குத்தான் பயங்கரக் கோபம். அவள் கணவர், என் அத்தான், கொள்கலன் லோரி ஓட்டுபவர். ஜொகூருக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். வீட்டுக்குப் போய் ஒரு வலி மாத்திரை போட்டுத் தூங்கினால் சரியாகிவிடும் என்பது அவள் திட்டம். ஆளில்லாத வீட்டில் தூங்குவது! மயங்கி விழுந்தால்கூட யாருக்கும் தெரியாது.

"கடையே பாக்குதுடி. மானத்த வாங்காத. நீ என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் டாக்டர்கிட்ட போறோம்."

"எனக்கு ஒன்னும் இல்லன்னு நான்தான சொல்றேன்!" என்று கத்தி எழுந்தாள். எழுந்தவள் மேசையைப் பிடித்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை பொடித்தது. மணிக்கட்டைத் தொட்டேன். கை சில்லென்று இருந்தது, நாடி தடதடவென்று ஓடியது. நண்பரின் சிரிப்பு அதோடு நின்றது. அவரே 999-ஐ அழுத்தி என்னிடம் போனைக் கொடுத்தார்.

எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் சொன்னேன். கடைக்காரர் இரண்டு மேசைகளை ஒதுக்கிக் கொடுத்தார். தரையில் அட்டையை விரித்து அக்காவைப் படுக்கவைத்து வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்தினேன். அவ்வளவு பெரிய பையில் அன்று பயன்பட்டது அது ஒன்றுதான். "அக்கா, ஓவன்ல வச்ச கோழி மாதிரி இருக்கீங்க" என்றார் நண்பர், கண்ணில் பயத்தோடு. அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வலித்தது போல, கண்ணை மூடிக்கொண்டாள். அங்கிள் யாரும் சொல்லாமலே, அப்போதுதான் பிடித்த மழையில் இறங்கிப்போய் சாலைமுனையில் நின்று ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினார்.

மருத்துவமனையிலும் லேசில் முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்ட தாதியிடம் அக்கா, "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன், சின்ன அடிதான்" என்றாள். அதோடு விட்டிருந்தால் சின்ன அடிக்காரர்கள் வரிசையில் உட்காரவைத்திருப்பார்கள். நான் குறுக்கே புகுந்து மலாயில் சொன்னேன்: ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியது, தோளில் அடிபடவில்லை, ஆனால் தோள் வலிக்கிறது, நின்றால் மயக்கம் வருகிறது. தாதி பேனாவை வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். விலாவுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். ரத்தம் இல்லை, கீறல் இல்லை. முத்திரை குத்தினது மாதிரி ஒரு வட்டம், அவ்வளவுதான். அடுத்த நிமிடம் படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து மண்ணீரலை எடுத்தே ஆகவேண்டிய நிலை. வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தபோது அங்கிள் அந்தத் தைலப் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "நான் அமுக்கி விட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்றார் மெதுவாக.

"அமுக்கலயே அங்கிள்" என்றேன்.

அக்கா பிழைத்துவிட்டாள். மண்ணீரல் இல்லாததால் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போடவேண்டும், சாதாரணக் காய்ச்சலுக்கும் உடனே ஓடவேண்டும். டாக்டர் அனுமதித்த பிறகு திரும்பச் சைக்கிளும் ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை. அன்று அவள் ஓட்டிய சைக்கிளில் ஹேண்டில்பார் முனையின் ரப்பர் மூடி எப்போதோ கழன்று போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அங்கிள் ஒரு டப்பா நிறைய மூடி வாங்கி வைத்திருக்கிறார். கிளம்பும் முன் எல்லார் சைக்கிளையும் தடவிப் பார்க்காமல் யாரையும் விடுவதில்லை. தைலப் புட்டியும் வருகிறது, கொசுக்கடிக்கு மட்டும். நாலு பேரும் முதலுதவி வகுப்பை முடித்துவிட்டோம். யார் விழுந்தாலும், சிரித்துக்கொண்டே எழுந்தாலும், நண்பர்தான் முதலில் ஓடிவந்து கேட்கிறார்: "ஹேண்டில்பார் எங்க இடிச்சுச்சு?"

சிவப்புப் பை இன்னும் என் முதுகில்தான் இருக்கிறது, அதிலிருந்து நான் எதையும் குறைக்கவில்லை. ஆனால் அன்று என் அக்காவுக்கு நான் செய்த பெரிய முதலுதவி, கடை முழுக்கப் பார்க்க அவள் என்மேல் கோபப்பட்டபோது நகராமல் நின்றதுதான் என்று எனக்குத் தெரியும், இனி யார் விழுந்தாலும் நான் நிற்கப்போவதும் அப்படித்தான்.