கோலியர்ஸ் வுட் குசினியில் ஓர் அவதானம்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் அண்ணையின் வீட்டில் அறையெடுத்து இருந்தேன். பக்கத்து அறையில் சென்னையில் வளர்ந்த தெலுங்கு நண்பர். ஒரு மழை ஞாயிறு, குசினியில் சமைத்துச் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயே இருந்தபடி, தெலுங்கில் அவதானம் என்றொரு கலை உண்டு என்று தொடங்கினார். எட்டுப் பேர் சூழ்ந்திருப்பார்களாம். ஒருவர் பாட்டுக் கேட்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் பூ எறிவார். எத்தனை பூ என்று கடைசியில் சொல்லவேண்டும். வீண்பேச்சுப் பேசிக் குழப்பவென்றே இன்னொருவர். இத்தனைக்கும் நடுவில் பாட்டுப் பிசகக்கூடாது.

எனக்குப் பொறுக்கவில்லை. தமிழிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் செய்திருக்கிறார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் செய்வேன் என்றேன்.

அண்ணை தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழாக் குழுவில் இருந்தார். நோட்டீஸ் அடுத்த நாள் அச்சுக்குப் போகிறது, இப்பவே செய்து காட்டினால் கவிஞர் என்று பெயர் போடுகிறேன் என்றார். அதுவரை என்னைக் கவிஞர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது நான் ஒருவன்தான். அச்சில் ஒருமுறை வந்தால் போதும், பிறகு யார் மறுப்பது?

எட்டுப் பேருக்கு எங்கே போக? மூன்று பேர் போதும் என்றார் நண்பர், பெருந்தன்மையாக. வராத ரயிலைப் பற்றி ஒரு வெண்பா கேட்டார். பூவுக்குப் பதிலாக அண்ணை பின்னாலிருந்து கச்சான் கடலை எறிந்தார். வீண்பேச்சு அவருடைய மனைவி, அக்காவுக்கு.

முதலடி வந்தது. இரண்டாமடி எதுகையோடு வந்து நின்றது. கச்சான் ஏழு.

வெங்காயம் உரித்தபடி அக்கா கேட்டா: "தம்பி, கவுன்சில்காரன் ஏன் எங்கட குப்பைவாளியை எடுக்கேல்லை?"

தெரியாது என்று தப்பியிருக்கலாம்.

"அது குப்பை எண்டு அவன் நம்பேல்லை அக்கா. மீன்குழம்பு மணத்துக்கு, உள்ளுக்கை ஒரு குடும்பம் இருக்கெண்டு நினைச்சு, மூடியைச் சாத்திப்போட்டுப் போயிருப்பான்."

அக்கா சிரித்தா. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. வாளிக் குடும்பத்துக்குப் பிள்ளைகள் பிறந்தன, அரசாங்கத்தின் பெனிபிட் காசு கிடைத்தது, மூத்தவளைத் தெருவில் திரிந்த நரிக்குப் பேசி முடித்தேன்.

"மூணாவது அடி?" என்றார் நண்பர்.

ரயிலே மறந்துபோயிருந்தது. கச்சான் பதினொன்று என்றேன். அண்ணைக்கும் கணக்குத் தெரியாது. பாதியில் எறிவதை விட்டு, கதை கேட்டபடி தின்னத் தொடங்கிவிட்டாராம்.

"பாட்டு ஃபெயில்," என்றார் நண்பர். "ஆனா குழப்ப வந்தவங்களையே குழப்பிட்டீங்க. இதுக்கு எங்க தெலுங்குல பேரே கிடையாது."

நோட்டீஸ் வந்தது. என் பெயருக்கு எதிரே 'பேச்சு', ஐந்து நிமிடம். பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்றாவது போட்டிருக்கலாமே என்று அண்ணையிடம் கேட்டேன்.

"இடமில்லை, தம்பி."

நோட்டீஸில் அரைவாசி வெறுமையாகக் கிடந்தது.