கோட்டுக்குள் ஒரு பீரோ

தையல் டீச்சர் கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவை உருவி, இறகுப்பந்து வலையின் நடுவில் தரைவரை தொங்கவிடுகிறார். நாடா அறுபது அங்குலம். அங்கே வலை இருக்க வேண்டிய உயரமும் அதுவே. கம்பத்தருகே ஓர் அங்குலம் கூடுதல் என்பது விதி. நாடா போதாது. மிச்சத்துக்குக் கட்டைவிரல் கணுவை வைத்துச் சமாளிக்கிறார். "வலை தொங்குனா விளிம்பு மடிக்காத பாவாடை மாதிரி. ஊரே சிரிக்கும்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் பள்ளியில் தையல் பாடத்தைத் தூக்கிவிட்டார்கள். டீச்சரைத் தூக்க முடியவில்லை; ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் கிடந்தது. அதே வாரம் யாரோ ஒரு புண்ணியவான் முப்பது இறகுப்பந்து மட்டைகளை அனுப்பிவைத்தார். தலைமையாசிரியர் இரண்டு தலைவலியையும் ஒரே முடிச்சாகப் போட்டார். "மட்டையில நரம்பெல்லாம் எப்படிப் பின்னியிருக்கு பாருங்க! உங்க லைன்தான் டீச்சர்."

டீச்சர் அதுவரை மட்டையால் அடித்தது கொசுவை மட்டும்தான். ஆனால் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாக விடுகிற சுபாவம் இல்லை. விதிப் புத்தகத்தை வாங்கி அடிக்கோடு போட்டுப் படித்தார். வீட்டில் கணவர் சோபாவில் உட்கார்ந்தபடி காலுறைகளை உருட்டி உருட்டி எறிவார், டீச்சர் அடிப்பார். நாற்பது நாளில் அடி பழகிவிட்டது. அந்த மனிதருக்குத்தான் ஜோடியாக ஒரு காலுறை மிஞ்சவில்லை.

பள்ளியில் கிடைத்த கூடத்தில் ஒரு பீரோ நின்றது. இரும்பு, ஆள் உயரம். ஆடுகளத்தின் இடது பின்மூலையில், கோட்டுக்கு உள்ளேயே. பூட்டில் அரக்கு முத்திரை. உள்ளே என்றோ எழுதிய தேர்வுத் தாள்கள். அதை நகர்த்த மூன்று கையெழுத்து வேண்டும். முதலாமவர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாமவர் நீண்ட விடுப்பில். மூன்றாமவரோ முதல் இரண்டும் இல்லாமல் பேனா மூடியையே கழற்றமாட்டார். டீச்சர் எட்டுக் கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று எட்டுப் பதில் வந்தது.

"சரி, பீரோவும் ஒரு ஆளுன்னு வச்சுக்குங்க. இடிக்காம ஓடுங்க. பந்து அது மேல பட்டா மறுபடி ஆரம்பிங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். புதுப் பிள்ளைகளுக்கு வெற்றுப் பக்கம். தேறியவர்களுக்குப் பீரோ பக்கம். "காலுக்கு ஓட்டுத் தையல், கைக்குக் கெட்டித் தையல்!" என்று கத்துவார். பந்தை விட்டுவிட்டால், "தையல் விட்டுப்போச்சு, பிரிச்சுப் போடு."

இந்த வருடம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'வெளிப்பள்ளி அணியுடன் மோதி ஓர் ஆட்டத்திலேனும் வெற்றி பெறாவிடில், கூடத்தில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்படும்.' கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து. இதற்கு மட்டும் ஒரே கையெழுத்து போதும் போல.

போட்டிக்கு டீச்சர் தன் சிறந்த ஜோடியைக் கூட்டிப்போனார். ஒருத்தி ஒட்டடைக்குச்சி, மற்றவள் கண்ணாடி; இரண்டும் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர். போன இடத்தில் கூடம் பளபளவென்று துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆட்டம் தொடங்கிய இரண்டு நிமிடத்தில் எதிரணி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. இடது பின்மூலைக்கு அடித்தால் இந்தப் பெண்கள் தொடுவதே இல்லை. மரியாதையாக ஒதுங்கி, மறுபடி ஆரம்பிக்கட்டும் என்று காத்து நிற்கிறார்கள். முதல் ஆட்டம் இருபத்தொன்றுக்கு நான்கு.

இடைவேளையில் டீச்சர் ஓடினார். "அங்க ஒண்ணுமே இல்லையேடி!"

"தெரியுது டீச்சர்" என்றாள் கண்ணாடி. அழுகை முட்டியது. "கால்தான் போகமாட்டேங்குது."

டீச்சர் ஒரு கணம் அந்த மூலையைப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்தார். நேரே போய், தோளைக் கொடுத்து, காற்றைத் தள்ள ஆரம்பித்தார். "என்னடி வேடிக்கை? வந்து புடிங்க, கனமா இருக்கு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு போய்ப் பிடித்தார்கள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு. தரை கீறிடப்போகுது."

நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்தார். "அம்மா, என்ன பண்றீங்க?"

"பீரோவ நகத்துறோம் சார்."

"எந்த பீரோ?"

"கையெழுத்து மட்டும் கேட்டுடாதீங்க சார். புண்ணியமாப் போகும்."

நடுவர் என்ன நினைத்தாரோ, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மூவரும் மூச்சு வாங்க அதைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினார்கள். டீச்சரின் நெற்றியில் வியர்வை நிஜமாகவே வழிந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் பெண்கள் மூலைக்கு மூலை பறந்தார்கள். மூன்று வருடம் இரும்பைச் சுற்றி ஓடிய கால்கள் அல்லவா! இருபத்தொன்றுக்குப் பதினேழு, இவர்களுக்கு. மூன்றாவது இரண்டு புள்ளியில் கை நழுவிப் போனது.

மறுநாள் தலைமையாசிரியர் கேட்டார், "தோத்துட்டீங்களாமே?"

டீச்சர் போட்டித் தாளை மேசைமேல் வைத்தார். பக்கத்திலேயே அவருடைய கடிதத்தையும் வைத்து, 'ஓர் ஆட்டத்திலேனும்' என்ற இடத்தில் விரலை ஊன்றினார். "ரெண்டாவது ஆட்டம் நாங்க ஜெயிச்சோம் சார்."

"நான் சொன்னது மொத்தப் போட்டியை டீச்சர்."

"எழுதிக் குடுத்தது ஆட்டம்னுதானே சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றிவிட்டுப் படித்தார். இரண்டு விதத்திலும் அது ஆட்டமாகவே இருந்தது. "சரி... இப்ப வேற என்ன வேணும் உங்களுக்கு?"

இருபத்தாறு வருடமாக அந்த அறையில் நின்றே பேசிப் பழகிய டீச்சர், எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.