தீவுக்குப் போன கயிறு

என் தம்பிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். எட்டு வயதில் செய்த இந்தக் காரியத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்துவதில்லை.

கொடைக்கானல் மலையில் கிளாவரைக்குப் பக்கத்துச் சரிவில் எங்கள் வீடு. அங்கே ஒரு வீட்டு வாசல் முடிகிற இடத்துக்கு நேர் கீழே அடுத்த வீட்டுக் கூரை இருக்கும். அதனால் தவழும் பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி வாசல் தூணில் முடிந்துவிட்டுத்தான் பெண்கள் வீட்டுச் சோலியைப் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் இது வழக்கம். கயிறு போகிற தூரத்துக்குள் உருண்டு புரண்டு, ஒரு வயதில் பிள்ளைகள் நடந்துவிடும்.

எங்கள் வீட்டில் மட்டும் அம்மா கயிற்றை ஒரு முழத்துக்கு மேல் விடமாட்டாள். பழைய சேலையைத் திரித்த கயிறு அது. நல்ல நீளம்தான். மிச்சத்தையெல்லாம் தூணிலேயே சுற்றிவிடுவாள். அம்மா பூண்டுக் காட்டுக்குப் போனால் காவல் நான். அந்த உத்தியோகத்தில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

இரண்டு வயது நெருங்கியும் தம்பி நடக்கவில்லை. காலில் பலமில்லை என்று ஊர் பேசியது. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். "இவளும் ரெண்டு வயசு வரைக்கும் எந்திரிக்காமத்தான கெடந்தா" என்று என்னைக் காட்டி அம்மாவைத் தேற்றுவாள். தம்பி என்னைப் போலவே இருக்கிறான் என்று எனக்கு அதிலும் ஒரு பெருமை.

ஒருநாள் அப்பா, "ராமேஸ்வரத்துக்குப் போயி, புள்ளைய கடல்ல முக்கி எடுத்துட்டு வருவோம்" என்றார். அவருக்குக் கடல் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்லமாட்டார்கள். சாமி பேரைச் சொல்லிவிட்டால் யாரும் குறுக்கே பேசமுடியாது. அம்மா மூட்டை கட்டும்போது முதலில் எடுத்து வைத்தது அந்தக் கயிற்றைத்தான்.

பூண்டு மூட்டை ஏற்றிய குதிரைகளுக்குப் பின்னால் நடந்து கொடைக்கானல் வந்தோம். அங்கே நாயுடுபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து, வெள்ளனே பஸ் பிடித்து மலை இறங்கி ரயிலேறினோம். கடலுக்கு மேலே பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா தம்பியின் கயிற்றை ஜன்னல் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். நான் பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம், "நாங்க கொடைக்கானலுக்கும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீவில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் சமதரை. நாங்கள் நான்கு பேரும் மேடு ஏறுகிறவர்கள் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தோம். எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று சத்திரத்தில் தங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் அப்பா தம்பியைக் கடலில் மூன்று முறை முக்கினார். அவன் அலறினான். பிறகு கரையில் நிறுத்தி மெல்லக் கையை எடுத்தார். சொத்தென்று உட்கார்ந்துவிட்டான். இன்னொரு முறை நிறுத்தினார். இன்னொரு முறையும் உட்கார்ந்தான். அத்தனை தூரம் வந்தது வீண். அப்பா திரும்பி நின்றுகொண்டு வேட்டியைப் பிழிந்தார், பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தார்.

அம்மா கயிற்றை எடுத்துத் தம்பி இடுப்பில் கட்டினாள். மறுமுனையைக் கட்ட ஒரு தூணைத் தேடினாள். மணலில் தூணுக்கு எங்கே போவது? என் கையில் கொடுத்து, "விட்டன்னா தோல உரிச்சுருவேன்" என்றாள்.

சங்கு விற்றுக்கொண்டு வந்த ஒருத்தி எங்களைப் பார்த்து நின்றாள்.

"என்னத்தா, புள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரி கட்டி வச்சிருக்கீக?"

"கட்டலேன்னா விழுந்துருவான்" என்றாள் அம்மா.

"இங்கன எங்கிட்டுத்தா விழப்போறான்?"

அவள் போய்விட்டாள். அம்மா கடலைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள். அலைகூட அன்று குளத்துத் தண்ணீர் மாதிரிதான் கிடந்தது. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கை அரித்தது. பத்தடி தள்ளி ஒரு பெரிய சிப்பி மின்னிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு கயிற்றை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

சிப்பியோடு திரும்பினால், தம்பி கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் இறுகி நிற்கும் கயிறு அவன் கையோடு வந்தது. அவனுக்கு ஆச்சரியம். இன்னும் இழுத்தான். முனைவரைக்கும் வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். காலைத் தூக்கித் தூக்கி வைத்து, எங்களைப் போலவே மேடு ஏறுகிற நடையில், என்னைப் பார்த்து வந்தான். ஏழு அடி. எண்ணினேன். எட்டாவது அடியில் என் மேல் விழுந்தான்.

"ஏலே, புள்ள நடக்குறாண்டா" என்று அத்தை கத்தின பிறகுதான் அப்பா திரும்பினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை. அம்மா மணலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். கயிறு நனைந்து போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன்.

கடலில் முக்கியெடுத்த புண்ணியம் என்றாள் அத்தை. நான்தான் நடக்கவைத்தேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். ஊர் திரும்பியதும் அம்மா கயிற்றை முழு நீளத்துக்கும் விட்டுத் தூணில் கட்டினாள். அது வாசல் விளிம்புக்குச் சரியாக ஒரு சாண் முன்னால் நின்றது.

எனக்கு மகள் பிறந்து அவள் தத்தித் தத்தி நடந்த நாளில், அத்தையிடம் இதே பெருமையை மறுபடி அளந்தேன். அன்றுதான் அவள் சொன்னாள். எனக்கு முன்னால் எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். நடை பழகிய பத்தாம் நாள், பூண்டு பிடுங்கும் சமயம், வாசல் விளிம்பைத் தாண்டிவிட்டாள். அந்தக் கயிறு அதற்குப் பிறகு, எனக்காகத் திரித்தது.

"நீ கயித்த கீழ வச்சத நான் பாத்தேன்த்தா. கத்த வாயெடுத்தேன். உங்கம்மா எங்கையப் புடிச்சு அமுக்கிட்டா. 'இருங்க மதினி, பேசாதீங்க'ன்னா. அவ நகம் பதிஞ்ச தடம் ஊரு வந்து சேர்ற வரைக்கும் போகல."

அப்படியென்றால் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனாலும் நான் பெருமை பேசும்போதெல்லாம், அம்மா கடைசிவரைக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"ஆமா, இவதான் நடக்க வச்சா."