இறக்கையடியில் ஓர் ஆளுக்கு இடம்

என் பெரிய மாமா பறக்கும் விமானத்தை ஒருபோதும் படம் எடுத்ததில்லை. விமானக் காட்சிக்கு வந்த கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் திடலின் ஓரமாக நடந்து, ஓய்வு கொடுத்து நிறுத்திவைத்த பழைய விமானம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அத்தகைய விமானங்களுக்காகவே கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போவார். ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் புதிதாக ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், முகூர்த்த நாளில்கூட ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஸ்டுடியோ ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் அவரை விடமாட்டார். "ஏனுங்க, பழைய பிளேனு ஒண்ண வாங்கியாந்து நிறுத்துங்க. நாமக்கல்லுல குடுத்தா பாடி கட்டி லாரியாக்கிக் குடுத்துருவானுங்க" என்பார். மாமா சிரித்துக்கொள்வார்.

ஆறு வயது முதல் அவர் என்னையும் உடன் அழைத்துப் போனார். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் விமானத்தின் உயரம் படத்தில் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். அது நியாயமாகவே எனக்குப் பட்டது. ஆனால் அவர் என்னை ஒருநாளும் நடுவில் நிறுத்தியதில்லை. இறக்கையின் அடியில், எனக்கு இடப்பக்கம் சரியாக ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் விட்டு நிறுத்துவார். இடக்கையைச் சற்றே மேலே தூக்கச் சொல்வார்.

"இன்னுங் கொஞ்சம் தூக்கு சாமி. யாரோ புடிச்சிருக்கற மாதிரி."

"யாருங்க மாமா?"

"யாரோ."

சின்ன மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பெரிய மாமாவின் ஒரே தம்பி, விமானப்படையில் இருந்தார். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில், வடக்கே பனிமலைகளுக்கு மேல் போன விமானம் ஒன்று திரும்பி வரவில்லை. அதில் அவரும் இருந்தார். விமானத்தின் ஒரு துண்டுத் தகடுகூடக் கிடைக்கவில்லை. ஆகையால் ஊருக்கு வந்த செய்தியில் ‘இறந்தார்’ என்ற சொல் இல்லை. ‘காணவில்லை’ என்ற சொல்லே இருந்தது. அந்த ஒரு சொல்லின் இரு கரையிலுமாக எங்கள் குடும்பம் பிரிந்து நின்றது. குடும்பத்தில் மூத்தவரான பெரிய அப்புச்சி, அதாவது என் தாய்வழிப் பாட்டனாரின் அண்ணன், கருமாதி செய்து முடித்துவிட வேண்டும் என்றார். பெரிய மாமா கூடாது என்றார்.

"உசுரோட இருக்கறவனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கச் சொல்றீங்களா?"

"அப்பறம் எங்கடா அவன்? ஏழு வருசமா பிளேனுக்கு டீசல் போட்டுட்டு இருக்கறானா?"

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சின்ன அத்தை அடுப்படியில் இருப்பார். சின்ன மாமாவின் மனைவி. கருமாதி நடக்காத வரையில் அவர் அந்த வீட்டு மருமகள்; பூவும் பொட்டுமாகக் கணவனுக்குக் காத்திருக்க வேண்டியவர்; எங்கும் போகக் கூடாதவர். நடந்துவிட்டால் பூவும் தாலியும் போய்விடும்; ஆனால் மேச்சேரியிலிருந்து அவருடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போய், ஆசிரியப் பயிற்சியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: கருமாதி நடந்தால் அத்தை போய்விடுவார். எனக்குத் தலை பின்னிவிடுபவர் அவர். எனவே நான் மாமாவின் கட்சியில் சேர்ந்தேன். அத்தை எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, சேலத்தில் ஒரு கல்லூரித் திடலில் விமானக் காட்சி நடந்தது. இரண்டு சிறு விமானங்கள் வானத்தில் வித்தை காட்டின. திடலின் கடைக்கோடியில் பழைய டகோட்டா விமானம் ஒன்று நின்றது. இறக்கைகளைக் கழற்றி டிரெய்லர் லாரிகளில் ஏற்றிவந்து, மறுபடி பூட்டியிருந்தார்கள். சின்ன மாமா ஏறிப் போன விமானமும் அந்த இனந்தான் என்று பேருந்தில் வரும்போதே மாமா சொல்லியிருந்தார்.

உச்சி வெயில். கூட்டம் முழுவதும் மறுகோடியில் இருந்தது. டகோட்டாவின் சுழலிகளைக் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள். சன்னல்களில் கண்ணாடி மங்கிப் பால் திரிந்தாற்போல் வெளுத்திருந்தது. நான் வழக்கமான இடத்தில் நின்று வழக்கம்போல் கையைத் தூக்கினேன். இறக்கையின் நிழல் என் நிழலை முழுதாக விழுங்கியிருந்தது. தரையில் நான் இல்லை. அப்போது வித்தை விமானங்கள் எங்கோ திரும்பிப் போய்விட, திடல் முழுவதும் ஒரு கணம் ஓசையற்றுப் போயிற்று. அந்த அமைதியில் டகோட்டாவின் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மிக மெதுவாக, விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது போன்ற ஓசை. பிறகு இன்னொரு முறை.

நிழலில் உட்கார்ந்திருந்த காவலாளி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத பாப்பா. வெயிலுக்குத் தகரம் விரியுது. மத்தியானமானா இப்படித்தான் பேசிட்டுக் கெடக்கும்."

அவர் சொன்னதை நான் நம்பியிருப்பேன். ஆனால் மாமா காமிராவைத் தரையில் வைத்துவிட்டு விமானத்தின் அருகே போனார். கொதிக்கும் தகட்டின்மேல் காதை ஒட்டினார். பிறகு மோதிர விரலால் அதே போல் இருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தார். பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கன்னம் சிவந்து கன்றியிருந்தது. படம் எடுத்து முடித்துவிட்டு, "அவ்வளவுதான், போலாம்" என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை. எனக்கு இடப்பக்கம் பார்த்துச் சொன்னார்.

ஸ்டுடியோவின் பின்னறையில் அத்தைக்கு வேலை இருந்தது. ‘டச்சிங்’ என்பார்கள். மணப்பெண்ணின் அம்மைத் தழும்பை மறைப்பது, மூடிய கண்ணைத் திறந்து வைப்பது, எல்லாம் அத்தையின் மெல்லிய தூரிகையும் பென்சிலும் செய்பவை. அந்த அறையில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சேலம் போய்வந்த மூன்றாம் வாரம், அத்தை குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் உள்ளே போனேன். மேசையின்மேல் நான்கு படங்கள் வரிசையாகக் கிடந்தன. நான்கிலும் நான். நான்கிலும் விமானம். நான்கிலும் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

வீட்டுச் சுவரில் படமாக மாட்டியிருந்த சின்ன மாமாவேதான். ஆனால் சுவரில் இருந்தவர் இளைஞர். இவருக்கு முதல் படத்தில் கண்ணடியில் மெல்லிய கோடு விழுந்திருந்தது. அடுத்ததில் கன்னம் சதைப்பிடித்திருந்தது. மூன்றாவதில் நெற்றி ஏறியிருந்தது. சேலத்துப் படத்தில் காதோரம் நரைத்திருந்தது. நான் வளர வளர அவரும் மூத்துக்கொண்டே வந்திருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கு அப்போதே இல்லை. அன்றிரவு முழுவதும் இடக்கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த அமாவாசைக்குப் பெரிய அப்புச்சி நாள் குறித்துவிட்டார். வெண்ணந்தூரில் அவருடைய பேத்திக்கு வந்த வரன்கள் வரிசையாகத் தட்டிப்போயின; செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றந்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. பங்காளிகள் வந்து வாசலில் நிறைந்தார்கள். மேச்சேரிக் கார் தெருமுனையில் நின்றது. அத்தையைப் பட்டுடுத்தி, கை நிறைய வளையலும் தலை கொள்ளாத பூவுமாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பூட்டிப் பார்ப்பது வழக்கம். எனக்கு அது கல்யாணம் போலத் தெரிந்தது. பெண்கள் அழுததுதான் பொருந்தவில்லை.

நான் பின்னறைக்குப் போய்ச் சேலத்துப் படத்தை எடுத்துவந்து பெரிய அப்புச்சியின் மடியில் வைத்தேன்.

"சின்ன மாமா சாகுலீங்க அப்புச்சி. நானு கையப் புடிச்சுட்டு நின்னனுங்க."

அவர் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். படம் கைமாறிப் பெண்களிடம் போயிற்று. "அடியாத்தா, நரைச்சுப் போச்சே!" என்றார் ஒருவர். "அவங்கப்பன் சாடை அப்படியே வந்திருக்குது பாரு" என்றார் இன்னொருவர். இறந்தவரை வெட்டி ஒட்டிக் குடும்பப் படம் செய்வதை அங்கே அறியாதவர் இல்லை. பலர் வீட்டிலும் அத்தகைய படம் தொங்கியது. ஆனால் ஒட்டிய படத்தில் இறந்தவர் இறந்த வயதிலேயே நிற்பார். மூப்படைந்த இறந்தவரை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

"ஏண்டா, யார்றா இது?" என்று பெரிய அப்புச்சி மாமாவைக் கேட்டார்.

"என்ற தம்பிதானுங்க."

"எப்ப எடுத்தது?"

"போன மாசமுங்க. சேலத்துல."

நான் இப்போது இலக்கணம் படிக்கிறேன். இரண்டு மெய்கள் புணர்ந்து ஒரு பொய் பிறப்பதற்கு அதில் விதி இல்லை. ஆயினும் அன்று எங்கள் வாசலில் அதுவே நடந்தது.

எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நரை தன் பென்சிலில் பிறந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா அத்தனை பங்காளிகளுக்கும் நடுவே தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அத்தை படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு பூவின் கனம் தாங்காதவர் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சடங்குக்கு வந்திருந்த நாவிதர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். மேச்சேரிக் கார் காலியாகத் திரும்பிப் போயிற்று. நான் அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட களிப்பில், அவருடைய கைகள் என்னை அணைக்கவில்லை என்பதைக் கவனிக்க மறந்தேன்.

மறு ஆண்டு பெங்களூரில் காட்சி. மாமா போனார்; நானும் போனேன்; கையைத் தூக்கினேன். சில நாள் கழித்து அத்தை பின்னறையிலிருந்து படத்தைத் தாமே கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "மாமனுகிட்டக் குடு சாமி" என்றார். பார்த்தேன். விமானம், நான், என் பக்கத்தில் இன்னும் சற்று மூத்த சின்ன மாமா. எல்லாம் கறுப்பும் வெளுப்புமாக இருக்க, அவருடைய நெற்றி நடுவில் மட்டும் சிவப்பாக ஒரு துளி.

தூரிகையிலிருந்து சாயம் சிந்திவிட்டது என்று நினைத்தேன். மாமா கோபித்துக்கொள்வாரே என்று கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தேன். அது போகவில்லை, நெற்றியிலிருந்து கண்வரை சிவப்பாக இழுபட்டது. மாமா வந்து மெல்ல என் கையிலிருந்து படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"அழிக்காத சாமி," என்றார். "அது உங்கத்தை வெச்ச பொட்டு."

செத்தவர் படத்துக்குத்தான் பொட்டு வைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அதை அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அன்று மாமா பட்டப்பகலில் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு, பெரிய அப்புச்சியைப் பார்க்க வெண்ணந்தூருக்குப் பேருந்து ஏறினார். அடுத்த அமாவாசையில் கருமாதி நடந்தது. நான் பூசிய சிவப்பினால்தான் சின்ன மாமா செத்துப்போனார் என்று நம்பி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். காட்டிக் காப்பாற்ற என்னிடம் வேறு படம் இல்லை.

பத்து நாள் கழித்து மேச்சேரிக் கார் மறுபடி வந்தது. தெருப் பெண்கள் வாசலில் கூடி, "இந்த வயசுல இப்படி ஆயிருச்சே" என்று மூக்கைச் சிந்தினார்கள். நானும் அழுதேன். மாமா பெட்டியைத் தூக்கக் கை நீட்டினார், அத்தை கொடுக்கவில்லை. வெறும் நெற்றியும் வெறுங்கழுத்துமாக, அந்தக் கனத்த தகரப் பெட்டியைத் தாமே இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தெருமுனை வரை நடந்தார். எல்லாவற்றையும் இழந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவர் ஏன் அவ்வளவு விரைவாக நடந்தார் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவில்லை.