வேம்புலியின் வாசகர்கள்

வேம்புலி பயந்த சுபாவம். இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவனும் மறுத்ததில்லை. போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால், எல்லாப் பேப்பரும் பையில் இருக்கும்போதே இவனுக்கு வாய் குழறும். அப்படிப்பட்டவன் மேனாம்பேட்டில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகப் போட்ட ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது என்று காண்டிராக்டர் பெயரைப் போட்டு எழுதுவான். எப்படிடா என்று கேட்டால், "எய்தும்போது எதிர்ல யாரும் இல்ல மாமே, அதான்" என்பான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனி ஒரகடம் பக்கம் இடம் மாறியபோது இவனை மட்டும் கழற்றிவிட்டுப் போனது. அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் 'மேனாம்பேடு நிலவரம்' வலைப்பூ. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது, மழைக்கு எங்கே முழங்கால் தண்ணீர், எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். படிக்க வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்தால் விளம்பரக் கம்பெனி காசு தரும். வீட்டு மளிகை அதில்தான் ஓடியது. அது நின்றால் திருமழிசையில் ஒரு குடோனுக்கு நைட் வாட்ச்மேனாகப் போகவேண்டும். அவன் மச்சான் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தான். ராத்திரி முழுக்கக் குடோனில் விழித்துவிட்டுப் பகலில் எங்கே எழுதுவது? அந்த வேலைக்குப் போனால் வலைப்பூவுக்கு முழுக்குத்தான்.

வினை டிவி ரூபத்தில் வந்தது. பெரிய செய்திச் சேனல் ஒன்று ஏரியா வாரியாக இணையத்தில் பக்கம் திறந்தது. வேம்புலி வெயிலில் அலைந்து ஒரு சேதி போட்டால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது அவர்கள் பக்கத்தில் இருக்கும். தேடிப் பார்த்தால் அவர்களுடையதுதான் முதலில் வரும், இவனுடையது எங்கோ அடியில். ஒருமுறை போட்டோவைக்கூட அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஓரத்தில் வேம்புலியின் கட்டைவிரல் தெரிந்தது. மனுஷன் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஆனால் வருமானம் குறையவில்லை. கொஞ்சம் ஏறவே செய்தது. என்னுடைய ரீசார்ஜ் கடைக்கு வந்து போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். "பாத்தியா பரந்தாமா, எத்தினி டிவி வந்தாலும் நம்ம ஜனம் நம்மள உடாது." அந்தத் தெம்பில்தான், சேனலிலிருந்து வெற்றிச்செல்வன் என்று ஒருவர் கூப்பிட்டு, வலைப்பூவை மூடிவிட்டு எங்களுக்கே சேதி கொடுங்கள், சேதிக்கு இவ்வளவு என்று தருகிறோம், பெயர் மட்டும் வராது என்றபோது, "எனக்குன்னு படிக்கிறவங்க கீறாங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் ஜென்மத்தில் செய்த ஒரே வீரதீரம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் விளம்பரக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் பக்கத்து விளம்பரங்களை யாரோ வேண்டுமென்றே தட்டுகிறார்கள், இது தொடர்ந்தால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவோம், சேர்ந்திருக்கும் பணமும் கிடைக்காது என்று அதில் இருந்தது. நான் படித்துச் சொல்லச் சொல்ல வேம்புலி கடைக்கு வெளியே ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தான்.

"அவன்தான் மாமே. அந்த டிவிக்காரன். வரமாட்டேன்னு சொன்னேன் இல்ல, ஆள வுட்டுத் தட்ட வெக்கிறான். என்ன ஒழிச்சிட்டுத்தான் உடுவான்."

அதிலிருந்து அவன் வேம்புலியாகவே இல்லை. தெருவில் தெரியாத பைக் நின்றால் வேறு வழியாகப் போனான். புது நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டான். கால்வாய் அடைத்துத் தெரு நாறியபோதும் எழுதவில்லை. "எய்தினா வந்து தட்டுவான்" என்றான். முதலில் கிண்டல் செய்துகொண்டிருந்த எனக்கும் மெல்லத் தொற்றிக்கொண்டது. கடைக்கு வந்து ஜெராக்ஸ் எடுக்கும் முகங்களை உற்று உற்றுப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கம்பெனி நினைத்தால் இவனை என்னதான் செய்யமுடியாது?

ஒருநாள் மனசு கேட்காமல் அவன் கணக்கைத் திறந்து, எந்தெந்தக் கிழமை எவ்வளவு தட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். மற்ற நாளெல்லாம் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் எகிறியிருந்தது. எல்லா வியாழக்கிழமையும் அப்படியே.

"வியாயக்கெயம இன்னா கீது?" என்றான் வேம்புலி. எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் அவன் வீட்டு மொட்டைமாடியில்தான் அவன் சம்சாரம் பொன்னம்மாளின் மகளிர் குழு கூடும்.

அந்த வியாழன் அவனைக் கூட்டிக்கொண்டு படியேறினேன். ஏன் என்று சொல்லவில்லை, சொன்னால் வந்திருக்கமாட்டான். கடைசிப் படியில் நின்றோம். குழுத் தலைவி ஃபக்ருன்னிசா, தையல் கடை வைத்திருப்பவள், சேமிப்புப் பணத்தை வாங்கி முடித்துவிட்டு, "எல்லாரும் போன எடுங்க, அண்ணனுக்குத் தட்டிடலாம்" என்றாள். அத்தனை பேரும் இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் போனை எடுத்தார்கள். "ஒரே வெளம்பரத்தத் தட்டாதீங்க, மாத்தி மாத்தித் தட்டுங்க" என்று பொன்னம்மாள் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழுவில் ஒருத்தி வீட்டில் கஷ்டம் என்றால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தூக்கிவிடுவது அவர்கள் வழக்கம். கல்யாணத்துக்கு வைக்கிற மொய் மாதிரிதான் இதையும் நினைத்திருக்கிறார்கள். தட்டினால் காசு வரும் என்று பொன்னம்மாளிடம் பீற்றிக்கொண்டது வேம்புலியேதான். வேண்டுமென்றே தட்டக்கூடாது என்பதை அவன் சொல்லவில்லை.

வேம்புலி அவர்கள் நடுவே போய் நின்றான். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டான்.

"அந்த டிவிக்காரன் வந்ததுலேர்ந்து மாமா" என்றாள் பொன்னம்மாள். "நீ சாப்புடாம படுத்துகினியே, அந்த வாரத்துலேர்ந்து. ஏன், கம்மியா வருதா?"

அவன் மெயில் விஷயத்தைச் சொன்னான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி அவசரமாகப் போனை அணைத்துப் புடவைக்குள் ஒளித்தாள். போலீஸ் வருமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்றாள் பொன்னம்மாள்.

"நல்லதுக்குத்தான். தெரியும்" என்றான் வேம்புலி. பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டான். "தட்றது கெடக்கட்டும். நான் எய்தறத யாருனா படிக்கிறீங்களா?"

ஃபக்ருன்னிசாதான், பொய் சொல்லத் தெரியாதவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தண்ணி வருமா வராதான்னு தேடுனா அந்த டிவிக்காரனுதுதான் அண்ணே மொதல்ல வருது. அதுலயே படிச்சிடறோம். உங்களுதுக்கு வியாழக்கிழம தட்றதுக்கு வர்றதுதான்."

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. இறங்கிப் போகலாம் என்று அவன் தோளைத் தொட்டேன். அவன் நகரவில்லை.

"சரி" என்றான் அவர்களைப் பார்த்து. "இனிமே தட்டாதீங்க."

"அப்ப ஒண்ணுமே வரலேன்னா இன்னா மாமா பண்றது?" என்றாள் பொன்னம்மாள்.

வேம்புலி போனை எடுத்து, தன் வலைப்பூவைத் திறக்கப் போய், திறக்காமலே மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மெயில் வந்த அன்றுகூட நான் அவன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. அன்றைக்கு டிவிக்காரன் மேல் பயம், கம்பெனி மேல் பயம். இப்போது பயப்படுவதற்கு எதிரில் யாரும் இல்லை.

"வரலேன்னா வரலேன்னு தெரிஞ்சிடும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.