கொள்ளிடக் கரையில் நான் தொட்ட தும்பி

இந்த ஜூன் மாதம் திருச்சிக்குப் போனது கோயிலுக்காக அல்ல, ஒரு தும்பிக்காக. கறுப்பு உடலில் மஞ்சள் வரிகளும் தடித்த வால்நுனியும் உள்ள ஆற்றுத் தும்பி. அருகிவரும் உயிர்களின் பட்டியலில் அதற்கு நேரே 'தரவு போதாது' என்றிருக்கிறது. அழிகிறதா, பிழைத்திருக்கிறதா என்று சொல்லுமளவுக்குக்கூட யாரும் பார்த்ததில்லை என்று பொருள்.

அழைத்தவர் இந்த வலைப்பதிவின் வாசகி ஸ்டெல்லா, திருச்சியில் விலங்கியல் பேராசிரியை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் அது உரித்துப்போட்ட தோல்களைப் பல கோடைகளாகப் பார்த்திருக்கிறார். தும்பியைப் பார்த்ததேயில்லை.

காலை ஐந்தரைக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். கரைக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 200 ரூபாய் (பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இன்னும் குறையலாம்). இறங்கியதும் ஸ்டெல்லா சொன்னார்: "எதையும் தொட்டுடாதீங்க சார். தோல் உரிச்ச கொஞ்ச நேரத்துக்கு றெக்கை ஈரத்துணி மாதிரி இருக்கும்."

அவர் முன்னால் போய்விட்டார். பின்தங்கிய என் கண்ணில்தான் அது பட்டது. நாணல் தண்டில், பழைய தோலைப் பற்றியபடி தொங்கியது. அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கேமராவை எடுத்தேன்.

ஒரு இலையின் நிழல் தும்பிமேல் விழுந்தது. தண்டை விரலால் வெளிச்சத்துக்கு வளைத்து, ஒரு படம் எடுத்தேன். விரல் வழுக்கியது. தண்டு திரும்பி அடித்ததில் தும்பி மணலில் விழுந்தது. ஒரு பக்க இறக்கைகள் மடிந்து ஒட்டிக்கொண்டன.

ஸ்டெல்லா ஓடிவந்து மண்டியிட்டார். "என்னாச்சு சார்?"

"காத்துல விழுந்துடுச்சுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெயில் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்த எறும்புகளை ஒரு இலையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். இறக்கைகள் மடிந்தபடியே காய்ந்தன.

"இனிமே பறக்காது," என்றார்.

திரும்பும் ஆட்டோவில் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். காத்தே அடிக்கலை." பாலம் தாண்டியதும், "முதல்ல என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல," என்றார்.

இறங்கும்போது, இதைப் பதிவில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. அடுத்து கேமராவோட வர்றவங்க படிக்கட்டும்."

போக நினைப்பவர்களுக்கு: விடிந்ததும் போய்விடுங்கள், விவரம் தெரிந்தவரோடு போங்கள். தண்ணீரோரம் கால் வைக்குமுன் தண்டுகளைப் பாருங்கள். தொலைவிலிருந்து எடுக்க முடியாத படத்தை விட்டுவிடுங்கள். சரியான இடத்தை இங்கே குறிப்பிடவில்லை, மன்னியுங்கள்.

படம் அழகாகவே வந்திருக்கிறது. இங்கே போட மனம் வரவில்லை. ஸ்டெல்லாவுக்கு மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.